ராணுவத் தலைமைத் தளபதி எப்போது ஓய்வு பெறுவார்? பிறந்த தேதி போடும் கணக்கு

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. மக்களவைத் தேர்தல் இன்னும் முடியவில்லை. அன்று பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து சில வரிகளில் ஓர் அறிவிப்பு வந்தது. மே 31 அன்று ஓய்வு பெற வேண்டிய ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் மனோஜ் பாண்டேவுக்கு ஜூன் 30 வரை ஒரு மாதம் பணி நீட்டிப்பு. 1954 ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 16ஏ(4) என்ற பிரிவின்படி இது வழங்கப்படுகிறது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

ஓர் அதிகாரி கூடுதலாக ஒரு மாதம் வேலை பார்ப்பது அவ்வளவு பெரிய விஷயமா? மற்ற துறைகளில் இல்லை. இந்திய ராணுவத்தின் உச்சிப் பதவியில் ஒரு மாதம் என்பது அடுத்த தளபதி யார் என்பதையே மாற்றிவிடக்கூடும். அது எப்படி என்று புரிய, பதவிப் படிக்கட்டின் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு சொல் குழப்பம்

தமிழ்ச் செய்திகளில் எல்லோரும் "தளபதி"தான். கோர் எனப்படும் பெரும் படைப்பிரிவு ஒன்றின் தலைவர், பிராந்தியக் கமாண்டின் தலைவர், ராணுவத் தலைமைத் தளபதி, முப்படைத் தலைமைத் தளபதி என நான்கு தனிப் பதவிகளுக்கும் ஒரே சொல் ஓடுகிறது. "ராணுவத் தளபதி ஓய்வு" என்று தலைப்பைப் பார்த்தால் யார் ஓய்வு பெற்றார் என்று உள்ளே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரைக்குத் தேவையானவை மட்டும்:

1. லெப்டினென்ட் ஜெனரல்: மூன்று நட்சத்திரம். கோர்களின் தலைவர்களும் கமாண்டுகளின் தலைவர்களும் இந்தப் பதவிநிலையில் இருப்பவர்கள்தான். உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், லக்னோ, கொல்கத்தா, புனே ஆகிய ஊர்களில் ஆறு போர்க் கமாண்டுகள். சிம்லாவில் பயிற்சிக் கமாண்ட். ராணுவத் துணைத் தலைமைத் தளபதியும் லெப்டினென்ட் ஜெனரலே.

2. ஜெனரல்: நான்கு நட்சத்திரம். பணியில் இருக்கும் ராணுவத் தலைமைத் தளபதி ஒருவர்தான்.

3. முப்படைத் தலைமைத் தளபதி: 2020 ஜனவரி 1 முதல் இருக்கும் பதவி. இவருக்கும் நான்கு நட்சத்திரம்தான். மற்ற மூன்று படைத் தளபதிகளுக்கு மேலதிகாரி அல்ல. சமமானவர்களில் முதலாமவர் என்று சொல்லலாம்.

4. ஃபீல்டு மார்ஷல்: ஐந்து நட்சத்திரம். இதைக் கடைசியில் பார்ப்போம், ஏனென்றால் ஓய்வு விதி அங்கே செல்லாது.

படிக்கட்டு எப்படிக் குறுகுகிறது

கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்று ஆண்டுகள், பிறகு டேராடூன் ராணுவ அகாடமியில் ஓராண்டு. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் தோளில் நட்சத்திரம் ஏறும். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி வழியாகக் குறுகிய காலப் பணிக்கு வருபவர்கள் பத்து ஆண்டுகள், நீட்டித்தால் பதினான்கு ஆண்டுகள் இருக்கலாம். நிரந்தரப் பணிக்கு மாறுகிறவர்களுக்கு அதற்கு மேலும் வழி உண்டு.

ஆரம்பப் படிகளில் காலமே ஏற்றிவிடும். 2 ஆண்டுகளில் கேப்டன், 6 ஆண்டுகளில் மேஜர், 13 ஆண்டுகளில் லெப்டினென்ட் கர்னல். அதற்கு மேல் கதவு சுருங்குகிறது. கர்னல் பதவிக்குத் தேர்வுக் குழு உட்காரும். ஆண்டறிக்கைகளைப் பார்த்து, ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்களுக்குள் சிலரை எடுக்கும், பலரை விடும். விடப்பட்டவர்கள் 26 ஆண்டு சேவைக்குப் பிறகு கால அடிப்படையில் கர்னல் ஆகலாம், ஆனால் படைப்பிரிவுத் தலைமை கிடைக்காது. பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினென்ட் ஜெனரல் என்று ஒவ்வொரு படியிலும் இதே வடிகட்டல்.

இதோடு ஒவ்வொரு பதவிநிலைக்கும் ஒரு வயது வரம்பு உண்டு. மருத்துவப் பிரிவு போன்ற சிலவற்றை விட்டுவிட்டால் பொதுக் கணக்கு இது:

1. கர்னல்: 54
2. பிரிகேடியர்: 56
3. மேஜர் ஜெனரல்: 58
4. லெப்டினென்ட் ஜெனரல்: 60
5. ராணுவத் தலைமைத் தளபதி: 62 வயது அல்லது பதவியில் 3 ஆண்டு, எது முந்துகிறதோ அது

அரசு ஊழியர்களுக்கு ஒரே வயதில் ஓய்வு. ராணுவத்தில் பதவி உயர்வு வந்தால் வேலையும் இரண்டு ஆண்டு நீளும், வராவிட்டால் அந்தப் படியிலேயே வீட்டுக்கு. ஐம்பத்தெட்டு வயதை எட்டும் மேஜர் ஜெனரலுக்கு லெப்டினென்ட் ஜெனரல் பதவி ஒரு மாதம் தாமதமாகக் காலியானால், அவருக்கு அது காலியாகாததற்குச் சமம்.

ஓய்வு நாளுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. பிறந்தநாள் எந்த மாதத்தில் வந்தாலும் அந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு. மே 6 அன்று பிறந்தவர் மே 31 வரை இருப்பார். ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசியிலேயே முடிந்துவிடும். இந்தச் சின்ன விதியை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

"எது முந்துகிறதோ அது"

படிக்கும்போது மூன்று ஆண்டுப் பதவிக்காலம் என்றே மனதில் பதிகிறது. நடைமுறை அப்படி இல்லை. ஜெனரல் எஸ். பத்மநாபன் 2000 ஆம் ஆண்டு பொறுப்பேற்றதிலிருந்து ஜெனரல் பாண்டே 2024 இல் விடைபெற்றது வரை பத்துப் பேர் தலைமைத் தளபதியாக இருந்திருக்கிறார்கள். மூன்று ஆண்டை முழுதாக முடித்தவர் பிபின் ராவத் ஒருவர்தான்: 2016 டிசம்பர் 31 முதல் 2019 டிசம்பர் 31 வரை. மற்ற ஒன்பது பேரையும் வயதே முந்திக்கொண்டது.

திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரான பத்மநாபனையே எடுத்துக்கொள்வோம். பிறந்தது 1940 டிசம்பர். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்கிரம் அவர் காலத்தில் நடந்தது. அந்தப் படைகளைத் திரும்ப அழைக்கும் முடிவு 2002 அக்டோபரில் வந்தது. டிசம்பர் 31 அன்று அவருக்கு ஓய்வு. பதவியில் இருந்தது இரண்டேகால் ஆண்டு. அடுத்து வந்த என்.சி. விஜ் பிறந்தது ஜனவரி மாதம். 2003 ஜனவரியில் ஏறி 2005 ஜனவரி கடைசியில் இறங்கினார். இரண்டு ஆண்டும் ஒரு மாதமும். இதில் திறமைக்கோ செயல்பாட்டுக்கோ எந்தப் பங்கும் இல்லை. அம்மா எந்த மாதம் பெற்றார் என்பதுதான்.

தலைமைத் தளபதி ஒருவர் தன் திட்டத்தை வகுக்க ஆறு மாதம், நடைமுறைக்குக் கொண்டுவர ஓராண்டு என்று வைத்தாலும், அது பலன் தரத் தொடங்கும்போது வழியனுப்பு விழா வந்துவிடுகிறது. மூன்று ஆண்டு என்ற வரம்பு காகிதத்தில் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிவது ஏன்

தலைமைத் தளபதியைத் தேர்ந்தெடுப்பது பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நியமனக் குழு. மிக மூத்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் மரபு அப்படி இருந்துவருகிறது. தலைமைத் தளபதி ஓய்வு பெறும் நாளில் பணியில் இருக்கும் மூத்த லெப்டினென்ட் ஜெனரல் யார் என்று பார்த்தால் போதும். அந்த "பணியில் இருக்கும்" என்ற சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. லெப்டினென்ட் ஜெனரலுக்கு வயது வரம்பு 60. மேலே இருப்பவர் போகும் தேதிக்கு முன்பே 60 நிறைந்துவிட்டால், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அவர் வரிசையில் இல்லை.

ஆகவே இரண்டு பிறந்த தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுக்குப் பிறகு யார் தளபதி என்று ஓரளவு ஊகிக்கலாம். டெல்லியில் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறவர்கள் உண்டு. "சக்சஷன் லைன்" என்பார்கள்.

இந்த வரிசையை மாற்ற இரண்டு வழிகள். ஒன்று வெளிப்படையானது: மூத்தவரைத் தாண்டி இளையவரை நியமிப்பது. 1983 இல் எஸ்.கே. சின்ஹாவைத் தாண்டி ஏ.எஸ். வைத்யா தளபதி ஆனார். சின்ஹா பதவி விலகினார். 2016 இல் பிரவீண் பக்‌ஷி, பி.எம். ஹரிஸ் இருவரையும் தாண்டி ராவத் வந்தார். இரண்டாவது வழி சத்தமில்லாதது: இருப்பவருக்கு நீட்டிப்புக் கொடுப்பது. அடுத்தவர் தானாகவே ஓய்வு பெற்றுவிடுவார்.

1970களில் அன்றைய தலைமைத் தளபதி ஜெனரல் ஜி.ஜி. பேவூருக்கு அப்படி ஒரு நீட்டிப்புக் கிடைத்தது. அடுத்து வர வேண்டியவர் லெப்டினென்ட் ஜெனரல் பிரேம் சிங் பகத், இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர். பேவூர் தொடர்ந்ததால் பகத் லெப்டினென்ட் ஜெனரலாகவே 1974 இல் ஓய்வு பெற்று, தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவராகப் போனார். பகத்தைத் தடுக்கத்தான் நீட்டிப்பு என்ற பேச்சு அன்று முதல் இருக்கிறது. அரசு அப்படிச் சொன்னதில்லை. 1975 மே 23 அன்று பகத் இறந்தார். பேவூர் ஓய்வு பெற்றது அதற்கு எட்டு நாள் கழித்து, மே 31 அன்று.

ஒரே மனிதருக்கு இரண்டு பிறந்த ஆண்டு

பிறந்த தேதிக்கு இவ்வளவு எடை இருப்பதால், அதில் பிழை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனரல் வி.கே. சிங் விவகாரம் சாட்சி. ராணுவத் தலைமையகத்தில் அதிகாரிகளின் பதிவுகளை வைத்திருக்கும் கிளைகள் இரண்டு. அட்ஜுடன்ட் ஜெனரல் கிளையின் கோப்பில் அவர் பிறந்தது 1951 மே 10. பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் கவனிக்கும் ராணுவச் செயலர் கிளையின் கோப்பில் 1950 மே 10. அகாடமிக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் எழுதப்பட்டது 1950. பள்ளிச் சான்றிதழில் 1951. ஒரே தலைமையகம், ஒரே அதிகாரி, இரண்டு வயது. இது பல பத்தாண்டுகள் சரிசெய்யப்படாமலே கிடந்தது.

அவர் தலைமைத் தளபதி ஆனது 2010 மார்ச் 31 அன்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. பிறந்தது 1950 என்றால், 62 வயது 2012 மே மாதம் நிறைகிறது. ஓய்வு 2012 மே 31.

2. பிறந்தது 1951 என்றால், 62 வயது 2013 மே மாதம். ஆனால் மூன்று ஆண்டு 2013 மார்ச் மாதமே முடிந்துவிடும். ஓய்வு 2013 மார்ச் 31.

3. இடைவெளி பத்து மாதம். அடுத்த வரிசையில் இருந்த லெப்டினென்ட் ஜெனரல் பிக்ரம் சிங் பிறந்தது 1952 ஜூலை. 2012 ஜூலை இறுதியில் அவருக்கு 60 நிறைந்து ஓய்வு. ஆக, முதல் கணக்கில் அவர் தலைமைத் தளபதி, இரண்டாவதில் அவர் வீட்டில்.

விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பணியில் இருக்கும் ராணுவத் தலைமைத் தளபதி அரசை எதிர்த்து வழக்குப் போட்டது அதுவரை நடக்காத ஒன்று. முந்தைய பதவி உயர்வுகளின்போது 1950 என்பதை ஏற்பதாக அவரே எழுதிக்கொடுத்திருந்த கடிதங்கள் அவருக்கு எதிராக நின்றன. 2012 பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மே 31 அன்று ஓய்வு பெற்றார், பிக்ரம் சிங் பொறுப்பேற்றார். பின்னர் வி.கே. சிங் அரசியலுக்கு வந்து காசியாபாத் தொகுதி மக்களவை உறுப்பினராகி, ஒன்றிய இணையமைச்சராகவும் இருந்தார்.

இந்த வழக்கில் அவரது நேர்மையைப் பற்றி இரு தரப்பிலும் நிறையப் பேசினார்கள். என் பார்வையில் குற்றவாளி அந்த இரண்டு கோப்புகள்தான். கிராமத்துத் தாலுகா ஆபீசில் நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

சரி, பாண்டேவுக்குக் கிடைத்த அந்த ஒரு மாதம்?

இப்போது 2024க்குத் திரும்பலாம். பாண்டே பிறந்தது 1962 மே 6. பொறியாளர் பிரிவிலிருந்து தலைமைத் தளபதியான முதல் அதிகாரி அவர். 2022 ஏப்ரல் 30 அன்று பொறுப்பேற்று, இரண்டு ஆண்டு முடிந்த மறு வாரமே 62 வயது நிறைந்தது.

அடுத்த மூத்தவர் துணைத் தலைமைத் தளபதி உபேந்திர துவிவேதி. அவர் பிறந்தது 1964 ஜூலை 1. மாதத்தின் முதல் தேதி! ஆகவே லெப்டினென்ட் ஜெனரலாக அவருக்கு ஓய்வு நாள் ஜூலை 31 அல்ல, ஜூன் 30. பாண்டேவின் நீட்டிப்பு முடிவதும் அதே ஜூன் 30. புனேயில் தெற்குக் கமாண்டின் தலைவராக இருந்த, மூப்பில் அடுத்து நின்ற அஜய் குமார் சிங்குக்கும் அதே நாளில்தான் ஓய்வு. மே 31 அன்று மாற்றம் நடந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு மாதம் தள்ளியதால் மூத்த இருவரும் விளிம்பில் வந்து நின்றார்கள். இருவரையும் தாண்டி வேறு யாரோ வரப்போகிறார் என்ற ஊகம் அப்போதுதான் பரவியது.

தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை ஜூன் 9 அன்று பதவியேற்றது. ஜூன் 11 இரவு துவிவேதியின் பெயர் அறிவிக்கப்பட்டது. ஜூன் 30 அன்று, லெப்டினென்ட் ஜெனரலாக அவருக்குக் கடைசி நாளாக இருந்திருக்க வேண்டிய அதே நாளில், அவர் நான்காவது நட்சத்திரத்தை அணிந்தார். மரபுப்படி மூத்தவரே வந்தார். தேர்தல் நடுவே இவ்வளவு முக்கியமான நியமனத்தைச் செய்ய வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அப்படியானால் அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே. ஓய்வுக்கு ஐந்து நாள் முன்னால், காரணம் சொல்லாமல் வந்த உத்தரவுதான் வதந்திக்குத் தீனி போட்டது. முந்தைய பல நியமனங்கள் வாரக்கணக்கில் முன்பே அறிவிக்கப்பட்டவை.

துவிவேதியின் கணக்கையும் இப்போது நீங்களே போட்டுவிடலாம். 62 வயது நிறைவதைக் கொண்டு பார்த்தால் 2026 ஜூன் 30. மூன்று ஆண்டு இங்கேயும் எட்டாது. ஒரு துணுக்கு: இவரும் அன்றைய கடற்படைத் தலைமைத் தளபதி தினேஷ் திரிபாதியும் ரேவா சைனிக் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

ஓய்வு பெற்றவர் திரும்பி வந்தபோது

மேலே சொன்ன கணக்குகளை எல்லாம் கொஞ்சம் கலைத்துப் போட்டது முப்படைத் தலைமைத் தளபதி பதவி. ராவத் 2019 டிசம்பர் இறுதியில் ராணுவத் தலைமைத் தளபதி பதவியிலிருந்து விடைபெறுவதற்குச் சில நாள் முன்பு விதி திருத்தப்பட்டது: இந்தப் புதுப் பதவியில் இருப்பவர் 65 வயது வரை தொடரலாம். விடைபெற்ற மறுநாளே அவர் புது அலுவலகத்தில்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தார். வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு உரையாற்றச் சென்றுகொண்டிருந்தார். அதன் பிறகு ஒன்பது மாதத்துக்கு மேல் பதவி காலியாகவே இருந்தது. 2022 ஜூன் மாதம் இன்னொரு திருத்தம்: ஓய்வு பெற்ற லெப்டினென்ட் ஜெனரல்களையும் நியமிக்கலாம், ஆனால் நியமன நாளில் 62 வயது நிறைந்திருக்கக் கூடாது. இதன் உட்பொருள் சுவையானது. 62 வயதில் ஓய்வு பெறும் தலைமைத் தளபதி, ஓய்வு பெற்ற நொடியே தகுதி இழக்கிறார். அவருக்குக் கீழே வேலை பார்த்து 60 வயதில் போன மூன்று நட்சத்திர அதிகாரிக்கு இரண்டு ஆண்டு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது.

நடந்ததும் அதுதான். கிழக்குக் கமாண்டின் தலைவராக 2021 மே மாதம் ஓய்வு பெற்ற அனில் சௌகான், 2022 செப்டம்பர் 30 அன்று சீருடைக்குத் திரும்பி ஜெனரல் ஆனார். பின்னர் 2025 செப்டம்பரில் அவருக்கு 2026 மே 30 வரை நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அவருக்கு 65 வயது நிறையும் மாதமும் மேதான்.

ஓய்வு நாளில் என்ன நடக்கும், பெயருக்குப் பின்னால் என்ன வரும்

கடைசி நாள் காலையில் தேசியப் போர் நினைவகத்தில் மலர்வளையம். பிறகு அணிவகுப்பு மரியாதை. அதன் பின் அலுவலக அறையில் புதியவரிடம் கைத்தடியை ஒப்படைப்பது. கேமராவுக்கு நின்று கைகுலுக்குவது. அன்றைய தேதி முடியும் வரை கணக்கில் அவர் பணியில் இருப்பவர்தான். தலைமைத் தளபதியின் மாதச் சம்பளம் 2,50,000 ரூபாய். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி.

பெயரை எழுதும் முறையில் ராணுவம் கறாராக இருக்கிறது. "ஜெனரல் (ஓய்வு) இன்னார்" என்பது தவறு. "ஜெனரல் இன்னார் (ஓய்வு)" என்பதே சரி. பதவிநிலை ஓய்வு பெறுவதில்லை, மனிதர்தான் ஓய்வு பெறுகிறார் என்பது அவர்கள் வாதம். நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் தவறான வடிவம்தான் அச்சாகிறது.

இந்த அடைப்புக்குறியே போட முடியாதவர்கள் இந்தியத் தரைப்படையில் இருவர்: சாம் மானெக்‌ஷா, கே.எம். கரியப்பா. ஃபீல்டு மார்ஷல் பதவிநிலைக்கு ஓய்வு கிடையாது. சாகும் வரை பணிப் பட்டியலில் பெயர் இருக்கும், முழுச் சம்பளமும் உண்டு. உண்டு என்பது விதி. 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆன மானெக்‌ஷா, குன்னூரில் குடியேறிப் பல பத்தாண்டுகள் அந்தச் சம்பளம் இல்லாமலே வாழ்ந்தார். நிலுவையாக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் காசோலை கைக்கு வந்தது 2007 இல். மறு ஆண்டு ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். ஊட்டியில், பார்சி இடுகாட்டில், மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.